முனையில் நின்ற மாப்பிள்ளை வண்டி

மெக்கானிக் இன்னாசி அந்தப் பெட்டியைத் திறந்துவிடக் கூடாது. மாத்ருபூதத்துக்கு இப்போதைக்கு வேண்டியது அவ்வளவுதான். பவர் ஸ்டீரிங் மாட்டட்டும், ஒயரை இழுக்கட்டும், பழைய ஆறு வோல்ட் பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பன்னிரண்டு வோல்ட் வைக்கட்டும், என்ன எழவையாவது செய்துகொள்ளட்டும். ஸ்டீரிங் தண்டின் அடியில், என்ஜினுக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு உட்கார்ந்திருக்கிற அந்த இரும்புப் பெட்டியை மட்டும் தொடாமல் இருந்தால் போதும். அதற்குள் பல் சக்கரம், சக்கரம் முழுகுகிற அளவுக்கு ஆயில். ஆயில் இருக்கிறது. தாராளமாகவே இருக்கிறது. அதுதான் இப்போது தொல்லை, ஏனென்றால் இல்லை என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கிறது, நம்பும்படி செய்தவர் இவர். பாலக்கரையில் ஒரு சந்துக்குள் தகரம் போட்ட ஒர்க்‌ஷாப்பில், பிளாஸ்டிக் நாற்காலியில், வலது கையை அடுத்த வீட்டுக் குழந்தையைப்போல மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து இன்னாசி பல் குத்திக்கொண்டே வேலையைத் தொடங்கியிருந்தான். காலையிலேயே ஸ்டீரிங் தண்டைக் கழற்றி, நடுவில் அறுத்து, ஏதோ ஒரு சின்னக் காரிலிருந்து எடுத்த மோட்டாரை இடையில் வைத்து வெல்டிங் பண்ணியாகிவிட்டது. அது மேஜைமேல் சூடு ஆறிக்கொண்டிருந்தது. ஸ்டீரிங் இல்லாத காரைப் பார்த்தால் பல் செட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிற பெரியவரைப் பார்க்கிற மாதிரி இருந்தது, அதனால் அவர் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியில் குஞ்சிதபாதம், ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், மடியில் குடை. மாத்ருபூதத்தின் மச்சினன் சபேசனின் பெண் வள்ளிக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளையின் அப்பா. சபேசன் உட்காரவில்லை. சம்பந்தி உட்கார்ந்திருக்கிற இடத்தில் பெண்ணைப் பெற்றவன் உட்காரக் கூடாது என்று எவனும் சொல்லவில்லை, இவனாகவே நிற்கிறான், கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு, யார் என்ன சொன்னாலும் சிரிப்பதற்குத் தயாராக.

பெட்டியைத் திறக்கிற பேச்சை எடுத்தவன் இன்னாசிதான், ஆனால் அவன்மேல் குற்றம் சொல்ல முடியாது. நீங்கதானே சார் பாக்ஸ் காஞ்சுபோய் ஜாம் ஆயிடுச்சுன்னு சொன்னீங்க, மேல மோட்டாரை மாட்டிட்டுக் கீழ பாக்ஸ் காஞ்சு கெடந்தா மோட்டார் ஒரே வாரத்துல கருகிடும், தொறந்து மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி நல்ல ஆயிலா ஊத்திடறேன் என்றான். பொய் சொன்ன வாய்க்கு வந்த கூலி. ஆயிலே பார்க்க வேண்டாம், மோட்டார் பார்த்துக்கொள்ளும் என்றுதான் சபேசன் வீட்டில் எல்லாரையும் நம்பவைத்திருந்தான், இப்போது அவனும், அதெல்லாம் எதுக்குப்பா, நேரம் ஆயிடும் என்று இழுத்தான். ஹெட்மாஸ்டர் விடவில்லை. செய்யறதைத் திருந்தச் செய்யணும், தொற என்றார். ஆயிரம் பையன்களை பெஞ்சுமேல் ஏற்றிய குரல். மாத்ருபூதம் தலையை ஆட்டினார், ஆமாம் திறக்கத்தான் வேண்டும் என்கிற மாதிரி. எத்தனை பெரிய மனுஷர், திருவானைக்கோவில் வட்டாரத்தில் பாதிக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனவர், ஒரு திருகாணியைப் பார்த்து இப்படி வேர்க்கிறார். நல்லவேளை, திருகாணி துருப்பிடித்து இறுகியிருந்தது. இன்னாசி அதன்மேல் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டுவிட்டு ஒயர் பக்கம் போய்விட்டான். ஊறட்டும், நன்றாக ஊறட்டும், ராத்திரிவரைக்கும் ஊறட்டும்.

மாப்பிள்ளை அழைப்புக்கு ஓட்டுவது ஒரு தனி வித்தை, அது இந்த ஹெட்மாஸ்டருக்கெல்லாம் தெரியாது. மேல் மூடி இல்லாத அந்த ப்ளைமவுத் கார் அப்பா காலத்தில் வீட்டுக்கு வந்தது. வாடகை என்று ஒரு பைசா வாங்கியதில்லை, வெற்றிலை பாக்கு, முதல் பந்தியில் இலை, அவ்வளவுதான். முன்னால் நாதஸ்வரம், அதற்கு முன்னால் விளக்கு, பின்னால் பெண்டுகள், காருக்குள்ளே கோட்டு சூட்டு மாலையோடு மாப்பிள்ளை, அவனைச் சுற்றி ஏறவேண்டிய குழந்தைகளும் ஏறக்கூடாத குழந்தைகளும். ஆள் நடக்கிற வேகத்துக்கும் குறைவாகப் போகவேண்டும். ரோட்டில் ஓடுகிற காரை எவனும் திருப்பலாம், ஊர்கிற காரைத் திருப்ப வேண்டுமே, அங்கேதான் தோள் வேண்டும். அந்த ஸ்டீரிங் சக்கரம் தேர்ச்சக்கரம், ஓடும்போது வெண்ணெய், நிற்கும்போது கல். இன்னொன்று, மாப்பிள்ளை ஏறிய வண்டி பின்னால் போகக் கூடாது. யார் வைத்த சட்டமோ, அப்பா வைத்ததோ அப்பாவுக்கு முன்னால் ஜட்கா ஓட்டியவன் வைத்ததோ, ரிவர்ஸ் போட்டால் வாழ்க்கை பின்னால் போகும் என்று இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு எண்ணம். அதனால் எந்த முனையாக இருந்தாலும் ஒரே திருப்பு. ஒரே இழுப்பில் சக்கரத்தை முழுக்க வளைத்து, மூக்கு எதிர்ச்சுவரை முத்தமிடுகிற மாதிரி போய் விலகும். பெண்டுகள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார், பார்க்காமலேயே அந்த மூச்சு காதில் விழும், அந்த ஒரு மூச்சுக்காகத்தான் இத்தனை வருஷமும், சொல்லப்போனால். வண்டிக்கு முன்னால் சபேசன் பானெட்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஆளை விலக்கிக்கொண்டே நடப்பான். முதல் நாள் ராத்திரியே துடைத்து, கிரீஸ் போட்டு, பெட்டியில் ஆயில் பார்த்து, சீட்டுக்கு வெள்ளைத் துணி விரித்து எல்லாம் அவன்தான். பெண்டாட்டி போனபிறகு பெண்ணோடு அக்காள் வீட்டுக்கு வந்தவன், வந்ததிலிருந்து தன் சோற்றுக்குத் தானே காரணம் தேடிக்கொள்கிறவன் மாதிரி எதையாவது துடைத்துக்கொண்டே இருப்பான். வேண்டாம்டா என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை. துடைக்கட்டுமே என்றிருந்தது, அதுதான் நிஜம், சௌகரியமாக இருந்தது.

தோள் எப்போது போனது என்று அவருக்கே தெரியாது. சர்க்கரை இருக்கிறவர்களுக்கு இப்படித் தோள் இறுகிப்போகும் என்று டாக்டர் சொன்னார், சுவரில் விரலால் ஏறச் சொன்னார், குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எறும்பு மாதிரி ஏற்றிப் பார்த்தார், மார்பு உயரத்துக்குமேல் எறும்பு ஏறவில்லை. சட்டையை முதலில் வலது கையில் மாட்டிக்கொண்டுதான் இடது கையைவிட வேண்டும், மாற்றிச் செய்தால் உயிர் போகும். கொடியில் துண்டு போடுவதில்லை, கதவு மேல் போடுகிறார். அகிலாண்டம் கேட்டதற்கு, வெயில் அங்கேதான் படுகிறது என்றார். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளிடம் ஒரு துண்டுக்குப் பொய். தோள் வலித்தால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே, எவனுக்குத்தான் வலிக்கவில்லை. சொல்ல வரவில்லை. சொன்னால் அடுத்த கல்யாணத்துக்கு வேறு ஆளை உட்காரவைப்பார்கள், பிறகு இவர் யார், கூட்டுறவு சங்கத்தில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆன ஒரு ஆள், அந்த மாதிரி ஆளைத் தெருவுக்குப் பத்துப் பேர் காட்டலாம். ஒயர் முனையில் பொறி தெறித்து ஹெட்மாஸ்டர் மடியிலிருந்த குடையை ஒதுக்கிக்கொண்டார். இன்னாசி ஏதோ பாட்டை மூக்கால் பாடினான். திருகாணி ஊறுகிறது. அன்றைக்கும் இப்படித்தான் மண்ணெண்ணெய் வாடை இருந்ததோ. இல்லை, அன்றைக்கு மல்லிகை, சந்தனம், ஜெனரேட்டர் புகை.

பத்து நாளுக்கு முன்னால், வேறொரு வீட்டு மாப்பிள்ளை அழைப்பு, விளக்கு வைக்கிற நேரம். வடக்கு வீதி முனை. முனைக்கு வரும்போதே சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒடித்துக்கொண்டே வருவார், உருளும்போதே ஒடித்தால் பாதி பாரம் குறையும், தோள் போனதிலிருந்து அப்படித்தான் சமாளித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நாதஸ்வரக்காரர் சரியாக முனையில் நின்றுவிட்டார். நல்ல கூட்டம், மனுஷனுக்கு உற்சாகம், ராகத்தைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. காரும் நின்றது, மூக்கு நேராக, எதிரே சுவர். வாசித்து முடித்து எல்லாரும் நகர்ந்தார்கள். அவர் இழுத்தார். கல். மறுபடி இழுத்தார். தோளுக்குள் எதையோ தீக்குச்சி கிழித்த மாதிரி இருந்தது, கை தானாகக் கழன்று தொடைமேல் விழுந்தது. அவருடைய கைதான், ஆனால் அவர் சொல்வதைக் கேட்கிற கை இல்லை. ரிவர்ஸ் போட்டு இரண்டு தடவையில் திருப்பியிருக்கலாம், இடது கையால்கூட. பின்னால் மாப்பிள்ளை இருக்கிறானே. விளக்குக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார், யாரோ ஒரு அத்தை, என்ன சகுனமோ என்றாள். அப்போது மாத்ருபூதத்தின் வாய் சொன்னது, ஸ்டீரிங் ஜாம் ஆயிடுச்சு. அதோடு நின்றிருந்தால்கூட அது காரின் தலைவிதி என்று போயிருக்கும். நிற்கவில்லை. பானெட்டில் கை வைத்து நின்ற சபேசனைப் பார்த்து, அத்தனை ஜனத்துக்கு நடுவில், பெட்டிக்கு ஆயில் ஊத்தினியா இல்லையாடா என்று கத்தினார். சபேசன் அவரைப் பார்த்தான். பிறகு கீழே பார்த்தான். எதைப் பார்த்தான், தொடைமேல் கிடந்த கையையா, ஸ்டீரிங்கையா, தன் காலையா, இதைத்தான் அவர் அன்றிலிருந்து மாற்றி மாற்றி யோசிக்கிறார். மறந்துட்டேன் அத்தான் என்றான். மாப்பிள்ளை இறங்கிக் கோட்டும் மாலையுமாகத் தெருவில் நடந்து போனான். அந்த மாப்பிள்ளையின் அப்பா சபேசனைச் சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் சொன்னார். சபேசன் காரைத் தள்ளி ஓரம் கட்டினான், தள்ளும்போதுகூட அவரை இறங்கச் சொல்லவில்லை.

மறுநாள் விடியும் முன்னே எழுந்துபோய் அவரே பெட்டியின் திருகாணியைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தார், இடது கை விரலை. புது ஆயில், விளிம்புவரைக்கும். விரலைப் பனியனில் துடைத்துவிட்டு, இடது கைக்கு எத்தனை பலம் உண்டோ அத்தனையும் போட்டு இறுக்கினார். அதுதான் இப்போது இன்னாசிக்கு வரமாட்டேன் என்கிறது, துருவாவது ஒன்றாவது. அன்றிலிருந்து மனசு ஒரே இடத்தில் சுற்றுகிறது, செக்கு மாடு. சபேசன் பயந்தாங்கொள்ளி, அதட்டினால் எதையும் ஒத்துக்கொள்வான், நீதான் கோயில் மணியைத் திருடினாய் என்று கத்தினால் அதற்கும் ஆமாம் அத்தான் என்பான். அப்படித்தான் இருக்கவேண்டும். அப்படி இருந்தால் நல்லது. அப்படி இருந்தால் இவர் ஒரு பயந்தவனை அதட்டினார், அவ்வளவே. ஆனால் கையைப் பார்த்துவிட்டு, எல்லாம் தெரிந்து, அவன் அதைச் சொல்லியிருந்தால்? அந்த இடம் வந்ததும் மனசு சடக்கென்று வேறு பக்கம் ஓடிவிடும். வீட்டில் அகிலாண்டம் தம்பியைக் கரித்துக்கொட்டினாள். ஆயில் ஊத்த மறக்கிற மனுஷனுக்குச் சாப்பாட்டு நேரம் மட்டும் மறக்கறதில்லை என்று பரிமாறிக்கொண்டே சொன்னாள். சபேசன் சிரித்தான், இன்னொரு கரண்டி கேட்கவில்லை. இவர் எதிர் இலையில் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார், அன்றைக்கு ரசம் நன்றாகவே இருந்தது, இரண்டாவது தடவை போட்டுக்கொண்டார், அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. சேதி ஹெட்மாஸ்டர் வீட்டுக்கும் போயிற்று. பெண்ணின் அப்பா பொறுப்பில்லாத ஆளாமே, மாப்பிள்ளை அழைப்புக்கு நாங்களே வேறு கார் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். வள்ளி அப்பாவைப் பார்த்தாள். மாமா வண்டியில்தான் என் மாப்பிள்ளை வருவான் என்று சின்ன வயசிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த பெண். பவர் ஸ்டீரிங் யோசனை சபேசனுடையது. எனக்கு ஞாபகம் போதலை அத்தான், ஆயில் இருந்தாலும் இல்லாட்டியும் ஒத்தை விரல்ல திரும்பற மாதிரி மோட்டார் வெச்சுடலாம் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். இன்னாசியைத் தேடிப்பிடித்தவன் அவன், சம்பந்தியை வாங்க வாங்க, கண்ணால பாருங்க என்று கெஞ்சி இங்கே கூட்டிவந்தவனும் அவன்தான். யாருக்கு வேண்டியிருந்தது இந்த மோட்டார். யார் தோளுக்கு. கேட்கவில்லை, ஆகட்டும் பார்க்கலாம் என்று பெரிய மனசோடு சம்மதித்தார், அவனுக்கு உபகாரம் பண்ணுகிற மாதிரி.

டொக் என்று ஒரு சத்தம். திருகாணி விட்டுக்கொடுத்துவிட்டது. இன்னாசி அதோடு நிறுத்தாமல் மூடியையும் கழற்றி, விரலை விட்டு, வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். விரல் நுனியிலிருந்து நல்லெண்ணெய் மாதிரி இழை இழையாக வடிந்தது. காஞ்சு கெடக்குதுன்னு யாரு சார் சொன்னது என்றான், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், பார்க்கத் தோன்றாமல். ஹெட்மாஸ்டர் எழுந்து போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். இவ்வளவு ஆயில் இருக்கே என்றார். சொல்லிவிடு, மாத்ருபூதம். இதைவிட நல்ல சமயம் வராது. ஒரே ஒரு வாக்கியம், பெட்டியில ஒண்ணுமில்லை, என் கைதான் வரலை. பத்து நாளாகக் குளியலறையில் சொல்லிப் பார்த்த வாக்கியம், தண்ணீர்ச் சத்தத்தில் எத்தனை சுலபமாக வந்தது. சொன்னால் இந்த நாற்காலியிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போகவேண்டியதுதான், வேறொன்றும் ஆகாது, சபேசன் தலை நிமிரும், வள்ளியின் மாமனார் அவனை மனுஷனாகப் பார்ப்பார். ஆனால் கை விளங்காதவன் ஓட்டுகிற வண்டியில் பிள்ளையை ஏற்றுவாரா. மோட்டார்தான் இருக்கிறதே. இருந்தாலும். அதற்குள் சபேசன் பேசிவிட்டான்.

“கல்யாணத்துக்கு மறுநாளே ஊத்திட்டேன் சம்பந்தி. முன்னாடியே ஊத்தியிருக்கணும். தப்புதான்.”

இன்னாசி விடவில்லை, தொழில்காரன், அவனுக்கு உறவு முறையெல்லாம் தெரியாது. காஞ்சு ஓடியிருந்தா பல்லுல கீறல் விழுந்திருக்குமே, ஒண்ணுகூட இல்லையே என்று டார்ச் அடித்துக் காட்டினான். என் நல்ல நேரம்ப்பா என்று சபேசன் சிரித்தான். ஹெட்மாஸ்டர் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, வீட்டுப்பாடம் எழுதாமல் வந்துவிட்டு இளிக்கிற பையனைப் பார்ப்பது. கல்யாணத்துக்கு மறுநாள் ஊத்தி யாருக்கு என்ன பிரயோஜனம் என்றார். சபேசன் சிரிப்பை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தான். ஐம்பது தாண்டியவன், வழுக்கை விழுந்த தலை, உச்சியில் வேர்வை. மாத்ருபூதம் வாயைத் திறந்தார். இந்தத் தடவை நிஜமாகவே திறந்தார், மூன்று பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள், இன்னாசி டார்ச்சை அணைத்தான்.

“இனிமேலாவது மறக்காம ஊத்து, சபேசா.”

அவருடைய குரல்தான். பதமான குரல், மன்னித்துவிட்ட பெரியவரின் குரல், கோபம்கூட இல்லை, கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சரி அத்தான் என்றான் சபேசன். ஹெட்மாஸ்டர் நெஞ்சு நிறைந்து போனார். இப்படிப் பொறுப்பான ஒரு ஆள் வீட்டுல இருக்கறப்ப எனக்கு என்ன கவலை, உங்களை நம்பித்தான் என் பையனை இந்த வண்டியில ஏத்தறேன் என்று சொல்லி இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். பதிலுக்குக் கும்பிட வேண்டும். இடது கை மேலே போயிற்று, வலது கை அந்த முனைக்குப் பிறகு வயிற்றுக்கு மேல் வருவதில்லை, வேறு வழியில்லாமல் இடது கையைக் கீழே இறக்கி அதோடு சேர்த்தார். தொப்புளுக்கு நேராக ஒரு கும்பிடு. என்ன பணிவு பாருய்யா என்று ஹெட்மாஸ்டர் இன்னாசியிடம் சொன்னார். வெட்கம் என்றால் முகம் சிவக்கும் என்பார்கள், இது அப்படி இல்லை, கை கால் எல்லாம் சில்லிட்டுப்போய், யாரோ எழுந்துபோன நாற்காலியில் சட்டை மட்டும் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. சபேசன் முகத்தைப் பார்க்க வேண்டும், பார்த்து விடலாம் என்று பார்த்தால் அவன் அங்கே இல்லை. சம்பந்தி சம்மதித்துவிட்ட சந்தோஷத்தில் டீ சொல்லக் கிளம்பிவிட்டான், சந்து முனையில் கிட்டத்தட்ட ஓடினான்.

பயந்தாங்கொள்ளி, அதட்டினால் எதையும் ஒத்துக்கொள்வான், என்று மறுபடி ஆரம்பித்துப் பார்த்தார். இன்றைக்கு யாரும் அவனை அதட்டவில்லையே என்று உடனே வந்து நின்றது. இன்னாசி பெட்டியை மூடி, வெல்டிங் பண்ணிய தண்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பொருத்தத் தொடங்கினான். சாயங்காலம் ஓட்டிப் பாருங்க சார், ஒத்தை விரல் போதும் என்றான். டீ வந்தது. சபேசன் முதல் கிளாஸை சம்பந்திக்கு மரியாதையாக இரண்டு கையாலும் கொடுத்தான், இரண்டாவதை இன்னாசி பக்கத்தில் மேஜைமேல் வைத்தான். மூன்றாவதை எடுத்துக்கொண்டு மாத்ருபூதத்திடம் வந்தவன், நாற்காலியைச் சுற்றி அவருடைய இடது பக்கம் போனான். இடது கையால் வாங்குவது சம்பந்தி கண்ணில் படாதபடி முதுகைக் காட்டி மறைத்துக்கொண்டு நின்றான். சர்க்கரை போடலை அத்தான், சூடா இருக்கு, பார்த்துப் பிடிங்க என்று, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லி, கிளாஸை அந்த இடது கைக்குள் வைத்தான். அவர் பிடித்துக்கொள்கிறவரைக்கும் அவன் தன் விரலை எடுக்கவில்லை.